மேல்தளமும் கீழ்த்தளமும்: சொகுசுக் கப்பல்கள் தரும் பாடம்



சொகுசுக் கப்பல்களில் சமையல், பரிமாறுதல், அறைகளைச் சுத்தம் செய்தல் போன்ற வேலைகளுக்கு நம் பிள்ளைகள் சிலர் போய் வருகிறார்கள். இன்னும் சிலர் போகத் தயாராகிறார்கள். பயணச் செலவுக்கு உதவி கேட்டு நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரும் பெற்றோர், சம்பளம் எவ்வளவு, எத்தனை மாத ஒப்பந்தம் என்பதையெல்லாம் தெளிவாகச் சொல்கிறார்கள். “கப்பலில் நோய் பரவினால் என்ன செய்வார்கள்? விபத்து நேர்ந்தால் பிள்ளை எங்கே போய் நிற்க வேண்டும்?” என்று நாம் கேட்டால் மட்டும் பதில் வருவதில்லை. அந்தக் கேள்விகளுக்காகவே இம்மாதப் பாடம்.

ஒரே கப்பல்

நாம் சிறுவயதில் மதரஸாவில் கேட்ட உவமை ஒன்று உண்டு. ஒரு கப்பலில் சிலர் மேல்தளத்திலும் சிலர் கீழ்த்தளத்திலும் இருக்கிறார்கள். கீழே இருப்பவர்கள் தண்ணீருக்காக அடித்தட்டில் ஓட்டை போட நினைக்கிறார்கள். மேலே இருப்பவர்கள் தடுத்தால் எல்லோரும் பிழைப்பார்கள், கண்டுகொள்ளாமல் விட்டால் எல்லோரும் மூழ்குவார்கள். நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக புகாரியில் பதிவான உவமை இது.

இன்றைய சொகுசுக் கப்பலிலும் மேலே விருந்தினர் இருக்கிறார்கள், கீழே ஊழியர் இருக்கிறார்கள். கீழே ஒருவருக்கு வந்த நோய் மேலே போகும், மேலே வந்தது கீழே இறங்கும். இதை உலகமே பார்த்தது 2020ஆம் ஆண்டில்.

யோகோஹாமாவில் நின்ற கப்பல்

டயமண்ட் பிரின்சஸ் என்ற கப்பலில் 2,666 பயணிகளும் 1,045 ஊழியர்களுமாக 3,711 பேர் இருந்தார்கள். ஊழியர்களில் 132 பேர் இந்தியர். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள்.

ஜனவரி 25 அன்று ஹாங்காங்கில் இறங்கிய ஒரு முதியவருக்குக் கொரோனா இருப்பது பிப்ரவரி 1 அன்று உறுதியானது. கப்பலில் இருந்தபோது அவர் அங்குள்ள மருத்துவரிடம் போகவில்லை என்று கப்பல் நிறுவனம் கூறியது. பிப்ரவரி 3 அன்று கப்பல் ஜப்பானின் யோகோஹாமாவுக்கு வந்து சேர்ந்தது. பயணிகள் அவரவர் அறையிலேயே இருக்க வேண்டும் என்ற உத்தரவு பிப்ரவரி 5 அன்றுதான் வந்தது. அதுவரை ஒரே கூடத்தில் சாப்பாடும் கேளிக்கையும் நடந்துகொண்டிருந்தன.

அறைக்குள் இருங்கள் என்பது பயணிகளுக்குப் பொருந்திய உத்தரவு. ஊழியருக்கு அது எப்படிப் பொருந்தும்? ஆயிரக்கணக்கானோருக்கு மூன்று வேளையும் சமைத்து, அறை வாசலில் கொண்டு போய் வைக்க வேண்டியவர்கள் அவர்கள்தானே. அவர்கள் அறைகளைப் பகிர்ந்து தூங்கினார்கள், ஒன்றாக அமர்ந்து சாப்பிட்டார்கள். ஊழியர்களில் முதலில் உறுதியான 20 நோயாளிகளில் 15 பேர் உணவுப் பிரிவைச் சேர்ந்தவர்கள். 16 பேர் தங்கியிருந்தது ஒரே தளத்தில், மூன்றாம் தளத்தில். மேலே கதவு சாத்தியிருந்தது, கீழே திறந்தே கிடந்தது.

முடிவில் 712 பேருக்குத் தொற்று உறுதியானது. ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சோதனை செய்த நேரத்தில் அறிகுறி ஏதும் இல்லை. பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிப்ரவரி 27 அன்று ஏர் இந்தியா விமானம் 119 இந்தியரை டெல்லிக்கு அழைத்து வந்தது. அவர்கள் மானேசரில் தனிமைப்படுத்தப்பட்டு, அதன் பிறகே வீடு சேர்ந்தார்கள். கப்பல் தலைவர் ஜென்னாரோ ஆர்மா எல்லோரும் இறங்கிய பிறகு, மார்ச் 1 அன்று கடைசி ஆளாக இறங்கினார்.

வாந்தி, வயிற்றுப்போக்கு

கொரோனா அபூர்வமாக வந்தது. கப்பல்களில் அடிக்கடி வருவது நோரோவைரஸ். வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி ஆகியவை இதன் அறிகுறிகள். தொற்றிய 12 முதல் 48 மணி நேரத்தில் தொடங்கும். பெரும்பாலோருக்கு மூன்று நாளுக்குள் குணமாகிவிடும். முதியவருக்கும் குழந்தைக்கும் உடம்பில் நீர் வற்றிப்போவதுதான் ஆபத்து.

மிகச் சொற்ப அளவு கிருமியே ஒருவரை நோயாளியாக்கப் போதும். கைப்பிடி, கதவு, பரிமாறும் கரண்டி எல்லாவற்றிலும் அது பல நாள் உயிரோடு இருக்கும். இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கையில் தடவும் சானிடைசர் இந்தக் கிருமியிடம் சரியாக வேலை செய்வதில்லை. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 விநாடி கழுவ வேண்டும். குணமான பிறகும் இரண்டு நாளாவது சமையல் பக்கம் போகக் கூடாது.

அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களை அந்நாட்டின் சுகாதார அமைப்பான சி.டி.சி. கண்காணிக்கிறது. பயணிகளிலோ ஊழியர்களிலோ 3 சதவீதம் பேர் நோயுற்றதாகத் தெரியவந்தால், கப்பலின் பெயரோடு அந்தச் செய்தியைப் பொதுமக்களுக்கு வெளியிடுகிறது. ஆனால் இந்தக் கணக்கில் வருவது வாய் திறந்து சொன்னவர்கள் மட்டுமே. அறையில் அடைத்துவிடுவார்களே என்று பயணி மறைக்கிறார். வேலைக்கு ஆபத்து வருமோ என்று ஊழியர் மறைக்கிறார். அந்த ஊழியர் அடுப்படியில் நிற்பவராக இருந்தால் விளைவை விளக்கத் தேவையில்லை.

பிள்ளைகளே, உங்களுக்கு நாம் அழுத்திச் சொல்வது இதைத்தான். வயிறு கலங்கினால் அந்த வேளையே கப்பல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மறைத்து வேலைக்குப் போவது பொறுமையுமல்ல, உழைப்புமல்ல. அது அடித்தட்டில் போடும் ஓட்டை.

ஜிக்லியோ தீவில் நடந்தது

நோயைப் போலவே ஆபத்தையும் மறைக்கக் கூடாது. 2012 ஜனவரி 13 இரவு, 4,229 பேருடன் சென்ற கோஸ்டா கான்கார்டியா கப்பல் இத்தாலியின் ஜிக்லியோ தீவுக்கு மிக அருகில் போய்ப் பாறையில் மோதியது. பக்கவாட்டில் 50 மீட்டருக்கும் மேல் கிழிந்தது. எஞ்சின் அறைகளில் தண்ணீர் புகுந்தது. பயணிகளிடமோ, இது மின்கோளாறுதான் என்று சொன்னார்கள். கப்பலை விட்டு வெளியேறும் உத்தரவு வர ஒரு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. அதற்குள் கப்பல் சாய்ந்து, உயிர்காக்கும் படகுகள் சிலவற்றை இறக்கவே முடியாமல் போனது.

32 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் இந்திய ஊழியர். அவருடைய உடல் 2014 இறுதியில்தான் கிடைத்தது. கப்பலில் ஆட்கள் இருக்கும்போதே இறங்கிவிட்ட தலைவர் பிரான்செஸ்கோ ஷெட்டினோவுக்கு 16 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

அன்று மாலை ஏறிய சுமார் 700 பயணிகளுக்குப் பாதுகாப்பு ஒத்திகை நடந்திருக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அன்றைய விதி. 2015 ஜனவரி 1 முதல், கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை நடத்தியாக வேண்டும் என்று சர்வதேச விதி மாற்றப்பட்டது.

புறப்படும் முன்

1. ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு மத்திய அரசின் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் (டி.ஜி. ஷிப்பிங்) வழங்கும் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். இயக்குநரகத்தின் இணையதளத்தில் பட்டியல் கிடைக்கும்.

2. வேலை வாங்கித் தருவதற்கென்று மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. இந்தியா 2015இல் இதை ஏற்றுக்கொண்டது. லட்சக்கணக்கில் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

3. பணிக்காலத்தில் நோயுற்றாலோ காயமுற்றாலோ மருத்துவச் செலவும், நாடு திரும்பும் செலவும் கப்பல் உரிமையாளரின் பொறுப்பு. ஒப்பந்தத்தில் அந்தப் பகுதி இருக்கிறதா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். பிரதி ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

4. தீயணைப்பு, முதலுதவி, கடலில் உயிர்காத்தல் ஆகியவற்றில் அடிப்படைப் பயிற்சி கட்டாயம். சான்றிதழை மட்டும் விலைக்கு வாங்கித் தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள். அந்தக் காகிதம் தண்ணீரில் மிதக்காது.

5. கப்பலில் ஏறிய முதல் நாளே, உங்கள் படுக்கையிலிருந்து கூடும் இடத்துக்குப் போகும் வழியை இருட்டிலும் நடக்கும் அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள். ஏழு குறுகிய ஒலி, பின் ஒரு நீண்ட ஒலி கேட்டால் அது அவசர அழைப்பு.

6. பெற்றோரே, பிள்ளை உடம்பு சரியில்லை என்று போனில் சொன்னால், “லீவு போடாதே, சம்பளம் போய்விடும்” என்று சொல்லாதீர்கள். நாம் இங்கிருந்து சொல்லும் அந்த ஒரு வார்த்தை, அங்கே ஒரு தளத்தையே படுக்கையில் தள்ளக்கூடும்.

ஒப்பந்தத் தாளை வாசித்துப் புரிந்துகொள்ள உதவி தேவைப்படுவோர், கையெழுத்திடும் முன்னரே நம் அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். கையெழுத்திட்ட பிறகு வந்தால் நம்மால் பெரும்பாலும் ஆறுதல் சொல்ல மட்டுமே முடிகிறது.

கடலில் இருக்கும் நம் பிள்ளைகள் அனைவரையும் அல்லாஹ் நலமாகக் கரை சேர்ப்பானாக.