ஒற்றைக் கம்பியில் எரியும் விளக்கு

பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்தை முடித்த பிறகு மின்சுற்றுப் படம் வரையச் சொன்னால், மாணவர்கள் பெரும்பாலும் பிழையின்றி வரைந்துவிடுகிறார்கள். மின்கலம், சாவி, விளக்கு, மீண்டும் மின்கலம். ஆனால் கண்ணெதிரே உள்ள ஒரு பொருளைக் காட்டி, இதில் மின்னோட்டம் எந்த வழியாகப் போய் எந்த வழியாகத் திரும்புகிறது என்று கேட்டால் தயங்குகிறார்கள். இந்தத் தயக்கத்தைப் போக்க எனக்கு உதவியது ஒரு பழைய அம்பாசடர் காரின் டேஷ்போர்டு ஒயரிங். அதைக் கொண்டு மூன்று பாடவேளைகளில் நடத்திய பாடத்தை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

ஏன் அம்பாசடர்?

பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடிப்படையாகக் கொண்டு உருவான கார் இது. மேற்கு வங்காளத்தின் உத்தர்பாரா ஆலையில் 2014 வரை தயாரானது. இதன் பழைய மாடல்களில் மின்னணுக் கருவிகள் கிடையாது. பேட்டரியில் தொடங்கி ஒவ்வொரு கம்பியையும் விரலால் தொட்டுக்கொண்டே விளக்கு வரை போகலாம். வகுப்பறைக்கு இதைவிட ஏற்ற மின்சுற்று கிடைப்பது அரிது.

எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் அப்படியொரு காரின் டேஷ்போர்டு ஒயரிங்கை முழுவதும் மாற்றினார். எஞ்சின் வெப்பத்தில் பல ஆண்டுகள் கிடந்ததால் கம்பிகளின் மேலுறை காய்ந்து, தொட்டாலே உதிர்ந்தது. கழற்றிய பழைய கற்றையைக் கேட்டதும் மகிழ்ச்சியோடு கொடுத்தார். வேலை நடந்த இரண்டு மாலைகளும் அருகில் இருந்து குறிப்பெடுத்துக்கொண்டேன்.

முதல் பாடவேளை: வேலையின் வரிசை

கற்றையை மேசைமீது விரித்து, அவர் செய்த வேலையை அதே வரிசையில் மாணவர்களுக்குச் சொன்னேன்.

1. முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றினார். டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள சில கம்பிகள் மின்னுருகி இல்லாமல் நேரடியாகப் பேட்டரியிலிருந்து வருபவை. ஸ்பேனர் தவறிப் பட்டாலே அவை பழுக்கக் காய்ந்துவிடும்.

2. ஒரு கம்பியைக்கூடக் கழற்றும் முன், ஒவ்வொன்றின் இரு முனைகளிலும் எண் எழுதிய காகிதத்தை ஒட்டினார். பிறகு ஒரு தாளில் படம் வரைந்தார்.

3. வண்ணத்தை மட்டும் நம்பவில்லை. பழைய பிரிட்டிஷ் கார்களின் வண்ணமுறையில் பழுப்பு பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை சாவி போட்டபின் மின்சாரம் பெறுவது, பச்சை அதிலிருந்து மின்னுருகி வழியாக வருவது, சிவப்பு பார்க்கிங் விளக்குக்கும் மீட்டர் விளக்குக்கும் போவது, கறுப்பு எர்த். ஆனால் இடையில் பலர் கைவைத்த காரில், கிடைத்த நிறக் கம்பியைப் போட்டு ஒட்டியிருப்பார்கள். எனவே மல்டிமீட்டரால் ஒவ்வொரு கம்பியையும் சோதித்தார்.

4. அதே நீளம், அதே தடிமன், அதே நிறத்தில் புதிய கம்பிகளை வெட்டிக் கற்றையாகக் கட்டினார்.

5. பொருத்தி முடித்ததும் பேட்டரியை நேராக இணைக்கவில்லை. பேட்டரிக்கும் ஒயரிங்குக்கும் இடையே 21 வாட் பல்பு ஒன்றைத் தொடரிணைப்பில் வைத்தார். எல்லாச் சுவிட்சுகளும் அணைந்திருக்கும்போது அந்தப் பல்பு பளிச்சென்று எரிந்தால், எங்கோ கம்பி உடலில் உரசுகிறது என்று பொருள்.

ஐந்தாவது படியில் ஒரு கேள்வி வைத்தேன்: “பல்பு இருப்பதால் கம்பி ஏன் கருகுவதில்லை?” 12 வோல்ட்டில் 21 வாட் பல்பின் மின்தடை 144 ÷ 21, அதாவது ஏறத்தாழ 6.9 ஓம். எவ்வளவு மோசமான பழுதாக இருந்தாலும் மின்னோட்டம் ஏறத்தாழ 1.75 ஆம்பியரைத் தாண்டாது. பட்டறையில் பழக்கமாகச் செய்வதை ஓம் விதி விளக்கிவிட்டது.

இரண்டாம் பாடவேளை: திரும்பும் வழி எங்கே?

கற்றையைத் தடவிப் பார்த்த ஒரு மாணவி கேட்டாள்: “டீச்சர், பல்புக்கு ஒரு ஒயர்தானே போகுது? அப்போ கரண்ட் எப்படித் திரும்பி வரும்?” நான் காத்திருந்த கேள்வி அது. விடையை உடனே சொல்லாமல் ஒரு பிஸ்கட் டின்னை மேசைமீது வைத்தேன். நான்கு டார்ச் செல்களின் எதிர்முனையை டின்னோடு இணைத்தேன். நேர்முனையிலிருந்து ஒரே ஒரு கம்பி 6 வோல்ட் பல்புக்குப் போனது. பல்பின் மறுமுனை டின்னைத் தொட்டதும் எரிந்தது. காரின் இரும்பு உடலே திரும்பும் கம்பி என்பதை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை. பெயின்ட்டைச் சுரண்டினால்தான் இணைப்பு கிடைத்தது என்பதையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இந்தச் செயல்பாட்டை ஒரு செல், ஒரு சிறு பல்பு கொண்டு அப்படியே செய்யலாம்.

மூன்றாம் பாடவேளை: பழுதைக் கண்டுபிடித்தல்

அந்தக் காரில் ஒரு வினோதப் பழுது இருந்தது. விளக்குச் சுவிட்சைப் போடாதபோதும், இண்டிகேட்டரைப் போட்டால் மீட்டர் விளக்கு லேசாக மினுக்கும். இதை மாணவர்களிடம் சொல்லிக் காரணம் கேட்டேன்.

வார இறுதிகளில் இருசக்கர வாகனப் பட்டறைக்குப் போகும் மாணவன் ஒருவன் உடனே, “எர்த் லூஸ், டீச்சர்” என்றான். ஏன் என்று அவனால் சொல்ல முடியவில்லை. நன்றாகப் படம் வரையும் மாணவிக்கோ எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தேன்.

டின்மீது மூன்று பல்புகள். முதலாவது இண்டிகேட்டர், தனிச் சுவிட்ச். இரண்டாவது மீட்டர் விளக்கு, மூன்றாவது பார்க்கிங் விளக்கு. இவ்விரண்டுக்கும் பொதுச் சுவிட்ச். முதல் இரண்டின் எர்த் கம்பிகளும் ஒரே திருகில் சேர்ந்து டின்னைத் தொடுகின்றன. மூன்றாவதற்குத் தனித் திருகு. இண்டிகேட்டர் சுவிட்சை மட்டும் போட்டு, பொதுத் திருகை டின்னிலிருந்து விலக்கினால் மூன்று பல்புகளும் மங்கலாகச் சிவந்தன. அறையைச் சற்று இருட்டாக்கினால் நன்றாகத் தெரியும்.

படத்தில் வழியைத் தேடினார்கள். எர்த் கிடைக்காத மின்னோட்டம் மீட்டர் விளக்கின் வழியாகப் பின்னோக்கிப் போய், பொதுச் சுவிட்சிலிருந்து வரும் கம்பியை அடைந்து, பார்க்கிங் விளக்கின் இழை வழியாக டின்னுக்கு இறங்குகிறது. ஒரு திருகு தளர்ந்ததும் பக்க இணைப்பு தொடரிணைப்பாக மாறிவிட்டது! 6 வோல்ட்டை மூன்று பல்புகள் பங்கிட்டுக்கொள்கின்றன. பழுதின் இடத்தைப் பட்டறை மாணவன் சொன்னான். வழியைப் படம் வரைந்த மாணவி சொன்னாள்.

தீயைப் பற்றி ஒரு கணக்கு

12 வோல்ட் ஷாக் அடிக்காது, எனவே ஆபத்தில்லை என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். 45 வாட் ஹெட்லைட் இரண்டுக்கு வீட்டின் 230 வோல்ட்டில் 0.39 ஆம்பியர் போதும், காரில் 7.5 ஆம்பியர் வேண்டும். 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 5 மீட்டருக்கு மின்தடை ஏறத்தாழ 0.085 ஓம். அதில் உண்டாகும் வெப்பம் 4.8 வாட். பாதிப் பரப்புள்ள மலிவான கம்பியைப் போட்டால் அது 9.6 வாட்டாகிறது, ஹெட்லைட்டும் 1.28 வோல்ட்டை இழந்து மங்குகிறது. கற்றையாகக் கட்டிய கம்பிகளுக்குள் இந்த வெப்பம் எளிதில் வெளியேறாது.

இங்கிருந்து மின்னுருகிக்கு வருவது எளிது. மின்னுருகி காப்பது விளக்கை அல்ல, கம்பியை. அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்று தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டால், அடுத்து உருகுவது சுவருக்குள் இருக்கும் ஒயர். மாணவர்கள் வீட்டில் எடுத்துச் சொல்ல வேண்டிய செய்தி இது. வீட்டு இணைப்புகளில் அவர்கள் கைவைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆசிரியர்களுக்கு

பழைய ஒயரிங் கற்றை ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைகளில் கேட்டால் கிடைக்கும். கார் இல்லையென்றால் இருசக்கர வாகனத்தின் ஒயரிங்கே போதும். வகுப்பில் வாகனப் பேட்டரியைப் பயன்படுத்தாதீர்கள். டார்ச் செல்களே பாதுகாப்பானவை. பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது மின்தடை மிகக் குறைவு என்பதால், மல்டிமீட்டர் அளவும் கணக்கின் விடையும் ஒத்துப்போகாது. அதையும் ஒரு கேள்வியாக்கலாம்.

பத்தாம் வகுப்போடு பட்டறைக்குப் போகும் பிள்ளைகள் நம் பள்ளிகளில் இன்றும் இருக்கிறார்கள். எப்படி என்பதைப் பட்டறை கற்றுக்கொடுத்துவிடும். ஏன் என்பதை அவர்கள் நம் வகுப்பிலிருந்துதான் எடுத்துச் செல்ல வேண்டும்.