நோவா என்னும் பெண்பெயர்

கேள்வி: நோவா என்பது பேழை கட்டிய பெரியவரின் பெயராயிற்றே! இஸ்ரேலில் அதைப் பெண் குழந்தைகளுக்குச் சூட்டுவது ஏன்?

பதில்: கேட்பதற்கு ஒன்றுபோல் தோன்றினும், இவை எபிரேய பாஷையில் வெவ்வேறு தாதுக்களிலிருந்து பிறந்த நாமங்கள். ஜலப்பிரளயத்தில் தப்பியவரின் பெயர் மிடற்றொலியில் முடிந்து இளைப்பாறுதலைக் குறிக்க, பெண்ணின் பெயரோ அசைவு, சலனம் என்று பொருள்படுவது.

அப்பெயருக்கு ஆதியில் உரியவள், தமிழ் வேதாகமம் நோவாள் என்றழைக்கும், செலொப்பியாத்தின் 5 குமாரத்திகளுள் ஒருத்தி. ஆண் சந்ததியின்றித் தந்தை வனாந்தரத்தில் மாண்டுபோக, அவர் நாமம் வம்சத்தினின்று அற்றுப்போகலாகாதென்று, மோசேயும் ஆசாரியனாகிய எலெயாசாரும் சபையார் அனைவரும் காண நின்று, காணியில் தங்களுக்கும் பங்கு வேண்டுமென அச்சகோதரிகள் முறையிட்ட வரலாற்றை எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தில் காணலாம். அவர்கள் பக்கமே நியாயம் என்று தெய்வ வாக்குப் பிறந்தது. புதல்வர் இல்லாதவிடத்துப் புதல்வியருக்கே சுதந்தரம் சேரும் என்ற பிரமாணமும் ஏற்பட்டது. தங்கள் கோத்திரத்திலேயே விவாகம் செய்யவேண்டும் என்ற நிபந்தனை பின்னர் வந்து சேர்ந்தது என்பது உண்மையே. எனினும், பெண்கள் சபையேறிப் பேசி ஒரு சட்டத்தையே பெற்றுத் தந்த இந்நிகழ்ச்சியை, அப்புராதன நூலின் மிக உயர்ந்த பகுதிகளுள் ஒன்றாகவே நான் மதிக்கிறேன்.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இஸ்ரேலியப் பெண் குழந்தைகளின் பெயர்களுள் பல ஆண்டுகள் முதலிடம் வகித்த இது, ஹாலந்திலும் ஸ்பெயினிலும் செல்வாக்குப் பெற்றுள்ளது. அமெரிக்காவில் 2013 முதல் 2016 வரை ஆண்பெயர்களுள் முதலாவதாக நின்றதோ, பேழை கட்டியவரின் பெயர்.