கூம்பு ஒலிபெருக்கியும் இசைச் சுவைஞரும்

ஒலியியல் வகுப்பில் மாணவர் ஒருவர், "ஐயா, மேல்நாட்டு இசைப் பிரியர்கள் பெரும் பொருள் கொடுத்துக் கூம்பு ஒலிபெருக்கியை வீட்டில் வைத்துக்கொள்கிறார்களாமே, ஏன்?" என்று கேட்டார். திருவிழாப் பந்தலில் கட்டும் கூம்பை நினைத்துக்கொண்டு, "கூம்பு கூச்சலுக்கு, இசைக்கன்று" என்று சொல்லிவிட்டேன். அவ்விடை பிழை. அதைத் திருத்தவே இதை எழுதுகிறேன்.

வயலின் மறுகோடியில் நிற்பவரை அழைக்க இரு கைகளையும் வாயருகே குவிக்கிறோமல்லவா? கூம்பின் தத்துவமும் ஏறத்தாழ அதுவே. சாதாரண ஒலிபெருக்கியின் தகடு கனமானது, காற்றோ இலேசானது. தகடு எவ்வளவு அசைந்தாலும் காற்று பிடி கொடாமல் விலகிவிடுகிறது. கொடுத்த மின்னாற்றலில் நூற்றில் ஒரு பங்களவே ஒலியாகிறது, எஞ்சியது வெப்பமாகிறது. கூம்பின் குறுகிய கழுத்திலோ காற்று தகட்டிற்கு ஈடுகொடுத்து நிற்கிறது. அந்த அழுத்தம், சிறுகச் சிறுக விரியும் குழல் வழியே வெளிக்காற்றைச் சேர்கிறது. மின்சுற்றில் மின்மாற்றி செய்யும் வேலை போன்றது இது.

1920களில் பேசும் படம் வந்தபோது வால்வுப் பெருக்கிகளின் திறன் மிகக் குறைவு. பெரிய கொட்டகையை நிரப்பக் கூம்பே கைகொடுத்தது. பின்னர் பால் கிளிப்ஷ் என்ற அமெரிக்கப் பொறியாளர் அதை வீட்டிற்குக் கொணர்ந்தார். ஆர்க்கன்சா மாநிலத்தின் ஹோப் என்னும் சிற்றூரில் 1946இல் தொழில் தொடங்கிய அவருடைய 'கிளிப்ஷார்ன்', ஒரு வாட்டிற்கு, ஒரு மீட்டர் தொலைவில், 105 டெசிபல் தருவதாக அந்நிறுவனத்தார் கூறுவர். 88 டெசிபல் தரும் சாதாரணப் பெட்டி அதே உரப்பை எட்ட 50 வாட் வேண்டும்! ஆனால் உரப்பன்று இங்கே கவர்ச்சி. தகடு மிகக் குறைவாக அசைவதால் ஒலித்திரிபு குறைகிறது. மெல்லிய மீட்டலுக்கும் ஓங்கிய அடிக்கும் உள்ள வேற்றுமை மழுங்காமல் காதை எட்டுகிறது. ஜப்பானியச் சுவைஞர் சிலர் பழைய கொட்டகைக் கூம்புகளைத் தேடி வாங்கி, எட்டு வாட் வால்வுப் பெருக்கியில் கேட்டு மகிழ்வதும் இதனாலேயே.

அப்படியானால் நம் பந்தல் கூம்பு ஏன் காதைக் கிழிக்கிறது? கூம்பு வாயின் சுற்றளவு ஏறத்தாழ ஓர் அலைநீளமாவது இருக்கவேண்டும். 40 ஹெர்ட்சின் அலைநீளம் எட்டரை மீட்டர். அதற்கு வாயின் விட்டமே 2.7 மீட்டர் ஆகிறது. அரை மீட்டர் வாயுள்ள பந்தல் கூம்போ 220 ஹெர்ட்சுக்குக் கீழே கைவிட்டுவிடும். மிருதங்கத்தின் தொப்பி நாதம் மெலிந்துபோக, கீச்சொலி மட்டும் மிஞ்சுகிறது. போதாக்குறைக்குப் பெருக்கியை முழுதும் திருகி வைப்பவர்களும் உண்டு! கிளிப்ஷ் கூம்பை மடித்து அறை மூலையில் நிறுத்தினார். இரு சுவர்களும் தரையும் கூம்பின் தொடர்ச்சியாயின. மூலையில் ஒலி எட்டில் ஒரு பங்கு வெளியிலேயே பரவுவதால் வாயின் பரப்பும் அவ்வளவு குறைந்தால் போதும்.

இருந்தும் 1954இல் எட்கர் வில்ச்சுரின் சிறு பெட்டி வந்தது. 1958இல் ஸ்டீரியோ இசைத்தட்டு வந்தபின் ஒன்றுக்கு இரண்டு பெட்டிகள் தேவைப்பட்டன. மூலைக்கொன்றாக இரு பூதங்களை வைக்க எத்தனை வீட்டில் இடமுண்டு? குரலில் கையைக் குவித்துப் பேசும் சாயல் படிகிறது என்ற குறையும் கூம்பிற்கு உண்டு. வாய்விளிம்பில் அலைகள் எதிரொலிப்பது அதற்கொரு காரணம். கூம்பைத் தவிர வேறெதிலும் இசையில்லை என்பாரின் கூற்றை நான் ஏற்கவில்லை. என் பழைய விடையையும் இப்போது ஏற்கவில்லை.