வானமே கூரையானால்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

மழலைப் பருவத்தில் நாம் அனைவரும் தூளியில் உறங்கியவர்களே. அன்னையின் பழஞ்சேலை ஒன்று, உத்திரத்தில் ஒரு கயிறு. இவ்விரண்டும் போதும், குழந்தை கண்ணயர்ந்துவிடும். இந்தத் தூளிக்குக் கடல் கடந்த நாட்டில் ஓர் உறவு உண்டு. இரு மரங்களுக்கு இடையே இரு முனைகளையும் கட்டித் தொங்கவிடும் வலைப்படுக்கைதான் அது. ஆங்கிலத்தில் அதனை ‘ஹேமக்’ என்பர். தூளிக்கு மேலே வீட்டுக் கூரை இருக்கிறது. வலைப்படுக்கைக்கு மேலேயோ பல வேளைகளில் வானம் மட்டுமே இருக்கிறது. அவ்வாறு கூரையின்றி உறங்குவோருக்கு என்ன நேரும்? மழை பெய்தால் நனைவார்கள் என்று எவரும் சொல்லிவிடுவர். மழை பெய்யாவிட்டாலும் நனைவார்கள். வெப்ப நாட்டிலும் குளிரால் நடுங்குவார்கள். ஏன் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பிறந்த இடம்

1492-ஆம் ஆண்டு கொலம்பஸ் பஹாமா தீவுகளை அடைந்தபோது, அங்கு வாழ்ந்த மக்கள் பருத்தி நூலால் பின்னிய வலைகளில் உறங்குவதைக் கண்டார். அவர்கள் வழங்கிய ‘ஹமாகா’ என்னும் சொல்லே ஸ்பானிய மொழி வழியாக ஆங்கிலத்தில் புகுந்தது. ஈரத் தரை, ஊர்ந்து வரும் பாம்பு, கடிக்கும் எறும்பு ஆகியவற்றிலிருந்து தப்புவதற்கு இதைவிட எளிய வழி இல்லை. பின்னர் ஐரோப்பியக் கப்பல்களிலும் இப்படுக்கை இடம்பெற்றது. கப்பல் ஒருபுறம் சாய்ந்தாலும் படுக்கை நேராகவே தொங்கும். மாலுமி உருண்டு விழமாட்டான். ஆனால் மாலுமியின் தலைக்கு மேல் கப்பலின் தளம் கூரையாக இருந்தது. காட்டில் பயணம் செய்தவர்களுக்கு அதுவும் இல்லை.

புளியமரத்தடியில் ஓர் இரவு

ஜெர்மானிய அறிஞர் அலெக்சாண்டர் ஃபான் ஹும்போல்ட்டும் பிரெஞ்சுத் தாவரவியலார் போன்ப்லானும் 1800-ஆம் ஆண்டு, இன்றைய வெனிசுவேலா நாட்டில், அப்பூரே ஆற்றின் வழியாக ஒரினோக்கோ ஆற்றுக்குப் படகில் சென்றனர். இரவில் கரையில் வலைப்படுக்கைகளைக் கட்டினர். கொடிய விலங்குகள் அணுகாதிருக்கச் சுற்றிலும் தீ மூட்டினர். மரமில்லாத மணற்கரையில் துடுப்புகளை மண்ணில் நட்டு, அவற்றில் படுக்கைகளைக் கட்டினர்.

பயணத்தின் தொடக்கத்தில் ஓர் இரவு, டான் இக்னாசியோ என்பவரின் விருந்தினராக அவர்கள் தங்கினர். தம் குலப்பெருமையில் அவருக்கு அளவற்ற மகிழ்ச்சி. ஆனால் அவருக்கும் அவர் மனைவிக்கும் மகளுக்கும் ஒரு குடிசைகூட இல்லை. மழைக்காலத்தில் வந்திருந்தால் தம்மைக் கூரையின் கீழ்க் கண்டிருப்பீர்கள் என்று அவர் பெருமையோடு கூறினார். விருந்தினரும் மரத்தடியில் படுத்தனர். நள்ளிரவுக்குப் பின் பெருங்காற்று எழுந்தது, மின்னல் வெட்டியது, மழை கொட்டியது. அனைவரும் தோல்வரை நனைந்தனர். அந்நேரத்தில் புளியமரத்தின் மேலிருந்த வீட்டுப் பூனை, கீழே உறங்கிய ஒருவரின் படுக்கையில் விழுந்து நகத்தால் கீறியது. காட்டு விலங்கு பாய்ந்துவிட்டது என்று அவர் அலறினார். பூனைதான் என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் மற்றவர்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கருவிகளும் படுக்கைகளும் மழையில் மிதக்க, ஆற்று மணலில் படுக்காமல் தம்மைப் போன்ற பெரியவரிடம் வந்து சேர்ந்தது உங்கள் நற்பேறு என்று டான் இக்னாசியோ வாழ்த்திக்கொண்டிருந்தாராம்!

ஹும்போல்ட் தம் பயண நூலில் எழுதிய இந்நிகழ்ச்சி நமக்குச் சிரிப்பூட்டுகிறது. ஆனால் பெருமை மழையைத் தடுக்காது என்னும் பாடமும் அதில் உண்டு. இடி மின்னலின்போது மரத்தடியில் இருப்பது உயிருக்கே ஆபத்து என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

கயிற்றின் கணக்கு

கூரையைப் பற்றி ஆராயுமுன், படுக்கை நம்மைத் தாங்குமா என்று பார்ப்போம். கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டினால் பலம் அதிகம் என்றே தோன்றும். உண்மை அதற்கு மாறானது. 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் படுத்திருக்கும்போது கயிறு கிடைமட்டத்துடன் 30 பாகைக் கோணம் அமைத்தால், ஒவ்வொரு பக்கக் கயிறும் 60 கிலோ எடைக்கு ஈடான இழுவிசையைத் தாங்குகிறது. கோணம் 10 பாகையாகக் குறைந்தால் அவ்விசை ஏறக்குறைய 173 கிலோ எடைக்கு ஈடாகிறது. எனவே தளர்வாகக் கட்டுவதே பாதுகாப்பு. அகலமான படுக்கையில் சற்றுக் குறுக்குவாட்டில் படுத்தால் முதுகும் அதிகம் வளையாது.

கீழிருந்து வரும் குளிர்

தரையில் பாய் விரித்துப் படுத்தால் குளிர் மேலிருந்தும் பக்கங்களிலிருந்தும் வருவதாக உணர்கிறோம். வலைப்படுக்கையிலோ முதுகுப்புறமே முதலில் சில்லிடுகிறது. ஏன்? கம்பளியின் இதம் அதன் நூலில் மட்டும் இல்லை. நூல்களுக்கு இடையே சிறைப்பட்ட காற்றில் இருக்கிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. நாம் படுத்தவுடன் நம் எடையால் கீழ்ப்பகுதி நசுங்கி, அக்காற்று வெளியேறிவிடுகிறது. தொங்கும் படுக்கையின் அடியிலோ காற்று ஓயாமல் வீசி, உடலின் வெப்பத்தை வாரிக்கொண்டு போகிறது. ஆகவே மேலே இரண்டு போர்வை போர்த்தினாலும் கீழே தடித்த விரிப்பு இல்லாவிடில் பயனில்லை.

விழாத பனி

“பனி விழுகிறது” என்று நாம் சொல்கிறோம். ஆனால் பனித்துளி மழையைப்போல் வானிலிருந்து விழுவதில்லை. பகலில் வெப்பம் பெற்ற பொருள்கள் யாவும் இரவில் அதனைக் கதிர்வீச்சாக வெளிவிடுகின்றன. மேகமற்ற வானம் அவ்வெப்பத்தில் சிறிதளவையே திருப்பித் தருகிறது. அதனால் புல்லும் இலையும் போர்வையும் சுற்றியுள்ள காற்றைவிட அதிகமாகக் குளிர்ந்துவிடுகின்றன. அவற்றைத் தொடும் காற்றிலுள்ள நீராவி துளியாகப் படிகிறது. மேகம் மூடிய இரவில் பனி குறைவதற்குக் காரணமும் இதுவே. மேகமும் ஒரு கூரையன்றோ!

இதனைத் தெளிவாக விளக்கியவர் இலண்டன் மருத்துவர் வில்லியம் சார்ல்ஸ் வெல்ஸ். 1814-இல் வெளிவந்த அவரது நூலில் எளிய சோதனைகள் பல உள்ளன. கால்கள் நட்டு உயர்த்திய ஒரு பலகையின் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் சம எடையுள்ள கம்பளிக் கொத்துகளை அவர் வைத்தார். தெளிந்த ஓர் இரவில் மேலிருந்த கம்பளி 14 கிரெயின் எடைப் பனியைச் சேர்த்தது; கீழிருந்தது 4 கிரெயின் மட்டுமே சேர்த்தது. ஒரு கிரெயின் என்பது ஏறக்குறைய 65 மில்லிகிராம். பனி தரையிலிருந்து எழுவதானால் கீழ்க் கம்பளியே அதிகம் நனைந்திருக்க வேண்டும். மழைபோல் விழுவதானால் கீழ்க் கம்பளி நனைந்தே இருக்காது. வானத்தைக் காணும் பொருளே அதிகம் குளிர்ந்து அதிகம் நனைகிறது என்பது இதனால் விளங்கும். மற்றொரு சோதனையில், சிறு குச்சிகளை நட்டு ஒரு மெல்லிய கைக்குட்டையைப் புல்லுக்கு மேலே விரித்தார். அதன் கீழிருந்த புல், திறந்த வெளிப் புல்லைவிட வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு கைக்குட்டையே கூரையின் வேலையில் ஒரு பங்கைச் செய்துவிட்டது!

“தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்” என்று நம் முன்னோர் சொன்னதன் அருமையும் இப்போது நமக்குப் புரிகிறது.

நாம் கற்பது

கூரை என்பது மழைக்கு மட்டும் அன்று. அது நம் வெப்பத்தை வானம் பறித்துக்கொள்ளாமல் காக்கிறது, பனியைத் தடுக்கிறது. திறந்த வெளியில் உறங்க விரும்புவோர் தெளிந்த வானத்தை மட்டும் நம்பலாகாது. மேலே ஒரு துணியாவது வேண்டும்; கீழே தடித்த விரிப்பு வேண்டும்; பட்டுப்போன கிளையில்லாத உறுதியான மரம் வேண்டும்; மழை வந்தால் ஒதுங்க ஓர் இடம் அருகிலேயே வேண்டும்.

கோடை விடுமுறையில் மொட்டை மாடியில் விண்மீன்களை எண்ணியபடி உறங்குவது நமக்கு இன்பம். தூறல் விழுந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கப் படிக்கட்டு இருப்பதால்தான் அது இன்பம். தெருவோரத்தில் உறங்குவோருக்கு அந்தப் படிக்கட்டு இல்லை. தெளிந்த வானம் நமக்கு அழகு. அவர்களுக்கு அது குளிர். ஆகவே மார்கழி, தை மாதங்களில் நாம் அவர்களுக்குப் போர்வை கொடுக்கச் செல்லும்போது, நாம் படித்ததை மறவாமல், மேலே போர்த்த ஒன்றும் கீழே விரிக்க ஒன்றுமாக இரண்டு கொண்டு செல்வோம்.