‘அப்ரூவ்டு பிளாட்’ வாங்கும் முன்: தேனி, கம்பம் பள்ளத்தாக்குக்கான முழுமையான வழிகாட்டி

லோயர் கேம்ப் தொடங்கி பழனிசெட்டிபட்டி வரை முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிற பூமி இது. அதன் ஓரங்களிலும் ஆண்டிபட்டி, போடி சாலைகளிலும் வண்ணக்கொடி கட்டி, கல் ஊன்றி, மனை விற்கிறார்கள். முதன்முறையாக இடம் வாங்குகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவற்றை இங்கே சொல்கிறேன். விலை பேசும் சாமர்த்தியம் உங்களுடையது.

1. அப்ரூவல் கொடுத்தது யார்?

“பஞ்சாயத்து அப்ரூவல் இருக்குண்ணே” என்பார் புரோக்கர். ஊராட்சித் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் மட்டும் இருந்தால் அது அங்கீகாரம் ஆகாது. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, மனைப்பிரிவு வரைபடத்துக்கு முதலில் டி.டி.சி.பி. எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் தொழில்நுட்ப ஒப்புதல் வேண்டும். அதன் பிறகு நகராட்சியோ பேரூராட்சியோ ஊராட்சியோ இறுதி ஒப்புதல் தரும். இரண்டு அலுவலகம், இரண்டு எண். இரண்டையும் கேட்டு வாங்குங்கள். “கோப்பு போயிருக்கு, வந்துரும்” என்றால் வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

2. நஞ்சையா, புஞ்சையா?

சர்வே எண்ணை வைத்து அரசின் இணையதளத்திலேயே பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் எல்லாம் பார்க்கலாம். முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) இல்லாத பகுதியில் விளைநிலத்தை வீட்டுமனையாக்க, மேற்சொன்ன சட்டத்தின் 47-அ பிரிவின்படி முன் அனுமதி வேண்டும். நஞ்சை என்றால் கேள்விகள் இன்னும் கூடும்; வேளாண்மைத் துறையின் கருத்தும் கேட்பார்கள். வாய்க்கால் பாசனமுள்ள வயலை மனையாக்கினால் கடைமடைக்குத் தண்ணீர் போகிற வழி என்ன என்று நீங்களும் கேளுங்கள். மழை பெய்தால் அந்தத் தண்ணீர் உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

மலையடிவாரம் என்றால் இன்னொரு படி உண்டு. மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் தேனி மாவட்டக் கிராமங்களும் இருக்கின்றன. அங்கே அந்தக் குழுமத்தின் அனுமதியும் தேவை.

3. வரைபடத்தை விரித்துப் பாருங்கள்

பலரும் தங்கள் மனை எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வரைபடத்தைச் சுருட்டிவிடுகிறார்கள். நான் இங்கேதான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன்.

முதலில் சாலை. அதைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அது தனியார் நிலம்தான். தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் கேட்டுப் போனால் கையை விரிப்பார்கள்.

அடுத்து பூங்கா. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், அதாவது சுமார் 247 சென்டுக்கு மேல் போனால், சாலை போக மீதியில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக விட்டு, அதையும் தானமாகத் தர வேண்டும். நேரில் போய் அந்த இடத்தில் நின்று பாருங்கள். வரைபடத்தில் பூங்காவாக இருப்பது களத்தில் ஓடைப் பள்ளமாகவோ, விற்பனை ஆபீஸாகவோ இருந்தால் யோசியுங்கள்.

மூன்றாவதை யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. அதே அளவுக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கும் 10 விழுக்காடு ஒதுக்க விதி இருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், எட்டு ஆண்டுகளுக்கு இத்தனை வீடுகளுக்குத் திட்டமிட வேண்டும் என்று மாநிலச் சட்டப்படி ஒவ்வொரு நகருக்கும் கணக்குக் கொடுக்கப்படுகிறது. நம்மிடம் அந்தக் கடமை நகராட்சி மன்றத்தின் மேல் விழாமல் நிலத்தைப் பிரித்து விற்பவர் மேல் விழுகிறது. ஊருக்கு எத்தனை வீடு வேண்டும், எந்தப் பக்கம் வேண்டும் என்ற கேள்வியே அதனால் மன்றத்தில் எழுவதில்லை. இது நம் முறையின் பெரிய ஓட்டை என்பது என் எண்ணம்.

4. பழைய மனை என்றால்

அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பிறகு 2017இல் அவற்றை முறைப்படுத்தும் வரன்முறை விதிகள் வந்தன. 20.10.2016 என்ற தேதியை மறக்காதீர்கள்; அதுவரை விற்ற மனைகளுக்குத்தான் வரன்முறை. வரன்முறை ஆணை கையில் இல்லாமல் “கட்டணம் கட்டிட்டோம்” என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

5. ரெராவும் வில்லங்கமும்

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். எண்ணை இணையத்தில் போட்டுப் பாருங்கள். வில்லங்கச் சான்றிதழை 30 ஆண்டுக்காவது எடுங்கள்.

6. வீடு கட்ட

2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் முதல் தளமும் கட்ட 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. சான்று சொல்வது நீங்கள். தப்பாகச் சொன்னால் பொறுப்பும் உங்களுடையதே.

7. வாங்காதவர்களுக்கும் ஒரு வேலை

ஊருக்கான முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியாகும்போது, ஆட்சேபணை தெரிவிக்கப் பொதுமக்களுக்கு அவகாசம் தருவார்கள். எழுத்தில் கொடுங்கள், பேச்சு கோப்பில் ஏறாது. ஊராட்சியில் இருப்பவர்களுக்கு ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள் கிராம சபை உண்டு. நம் ஊரில் எத்தனை மனைப்பிரிவின் பூங்கா தானப் பத்திரமாகி ஊராட்சி வசம் வந்திருக்கிறது என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள், பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.