சிவப்பு நூலை நனைத்துப் பார்

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. குழுவில் கடன் எடுத்து எம்ப்ராய்டரி மெஷின் வாங்கியிருக்கிறாய். மூன்று மாதமாக நூல் அறுந்துகொண்டே இருக்கிறது, மெஷின்தான் கோளாறோ என்று கேட்டிருக்கிறாய். நீ தைத்த பூ ஒன்றையும் வெட்டிக் கடிதத்தோடு வைத்திருந்தாயே, அதைத்தான் இந்த வாரம் முழுக்க வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மெஷின்மேல் பழி போடாதே. நீ மாட்டியிருப்பது சட்டை மூட்டுகிற நூல்.

அந்தப் பூவின் ஓரத்தை ஒரு லென்ஸ் வைத்துப் பார். நூலின் மேல் பூனைமுடி மாதிரி நார் நீட்டிக்கொண்டிருக்கும். தையல் நூல், துண்டு துண்டு நாரைச் சேர்த்து முறுக்கியது. மூட்டுத் தையலுக்கு அது நன்றாகப் பிடிக்கும். எம்ப்ராய்டரியில் வேலை வேறு. துணியில் உட்காருவதற்கு முன் நூலின் ஒவ்வொரு பகுதியும் ஊசிக் கண்ணில் பல பத்து தடவை முன்னும் பின்னும் போய்வருகிறது. நார் உள்ள நூல் அங்கே உரசித் தேயும், பஞ்சு உதிர்க்கும், அறுந்துபோகும். உதிர்ந்த பஞ்சு பாபின் கேஸுக்குள் போய் அடைந்து டென்ஷனையும் கெடுக்கும். எம்ப்ராய்டரி நூலோ தொடக்கம் முதல் கடைசி வரை அறுபடாத இழைகளால் ஆனது. அதனால்தான் வழுவழுப்பு, அதனால்தான் பளபளப்பு.

கடையில் போய் வெறுமனே “எம்ப்ராய்டரி நூல்” என்று கேட்காதே. “40 நம்பர்” என்று கேள். ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர் நீளம் வரும் நூல் அது. நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசாகும். இதில்தான் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் குழம்புவார்கள். நீ வாங்குகிற டிசைன்களில் பெரும்பாலானவை 40 நம்பர் நூலை மனதில் வைத்து, வரிக்கு வரி 0.4 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுப் போட்டவை. அதில் தடித்த நூலை ஓட்டினால் பூ அட்டை மாதிரி விறைக்கும். மெல்லிய நூலை ஓட்டினால் இடுக்கு வழியாகத் துணி தெரியும்.

60 நம்பர் நூலுக்கும் ஒரு வேலை உண்டு. தமிழில் பெயர் எழுதித் தரச் சொல்லி உன்னிடம் வருவார்கள், பார். கைக்குட்டை, குழந்தைத் துண்டு, பள்ளிப் பை என்று வரும். நம் எழுத்து சுழி நிறைந்தது. ‘ண’வும் ‘ஞ’வும் ‘இ’யும் அரை சென்டிமீட்டர் உயரத்தில் 40 நம்பர் நூலில் தைத்தால் சுழியெல்லாம் அடைந்து கட்டியாகிவிடும். அதே எழுத்தை 60 நம்பர் நூலில், 65/9 ஊசியில் தைத்தால் சுழியின் நடுவே துணி தெரியும், எழுத்து எழுத்தாக இருக்கும். ஆங்கில எழுத்துக்கென்று எழுதிய பாடங்களில் நம் சுழியைப் பற்றிச் சொல்லித்தர மாட்டார்கள். கறுப்பிலும் வெள்ளையிலும் ஒவ்வொரு கண்டு 60 நம்பர் வாங்கி வைத்துக்கொள்.

அடுத்தது, ரேயானா பாலியெஸ்டரா என்ற கேள்வி. இதற்கு என்னிடம் ஒரே அளவுகோல்தான் உண்டு: இந்தத் துணியை யார் துவைக்கப் போகிறார்கள், எப்படித் துவைக்கப் போகிறார்கள்? நூல் வாங்கும்போது நீ உன் மெஷினைப் பற்றி யோசிக்கிறாய். அந்தப் பூ உன் மெஷினில் இருக்கப்போவது ஒரு மணி நேரம். அதன் பிறகு பல வருஷம் இன்னொருத்தி வீட்டு வாளியிலும் கொடியிலும் இருக்கப்போகிறது.

கடைகளில் “சில்க் த்ரெட்” என்று தருகிறார்களே, அதில் பெரும்பாலும் பட்டு கிடையாது. மரக்கூழிலிருந்து எடுத்த ரேயான். அதைத் தாழ்வாகச் சொல்லவில்லை. பட்டுத் துணிமேல் ரேயானின் மினுக்கு அவ்வளவு அடக்கமாகப் பொருந்தும், எனக்கு இன்றைக்கும் பிடித்தது அதுதான். ஆனால் ரேயான் தண்ணீரைக் குடிக்கும் நூல். நனைந்தால் பலத்தில் பாதி வரைகூடப் போய்விடும். வருஷத்துக்கு நாலு முறை கட்டும் பட்டுப் புடவையின் பிளவுஸுக்கு, அலசி நிழலில் போடுகிறவர்களுக்கு, ரேயான் போடு. தினம் ஆபீஸ் போகும் காட்டன் பிளவுஸ், குழந்தைச் சட்டை, துண்டு, பள்ளிச் சீருடை எல்லாம் சோப்புத்தூளில் ஊறும், கல்லில் அடிபடும், சில வீட்டில் ப்ளீச்சிங் பவுடரும் படும். அதற்கெல்லாம் பாலியெஸ்டர்தான். நல்ல எம்ப்ராய்டரி பாலியெஸ்டரின் இழையைக் குறுக்கே வெட்டினால் முக்கோணம் மாதிரி இருக்கும். ஒளி அந்த மூன்று முகத்திலும் பட்டுத் திரும்புவதால் ரேயானுக்குப் பக்கத்தில் வரும் மினுக்கு அதற்கும் உண்டு.

பாலியெஸ்டரிலும் ஒரு தொந்தரவு இருக்கிறது. அது இழுபடும் நூல். டென்ஷன் இறுக்கமாக இருந்தால் இழுபட்டபடியே துணியில் உட்கார்ந்து, ஹூப்பைக் கழற்றியதும் சுருங்கும். ஜார்ஜெட்டில் பூவைச் சுற்றிச் சுருக்கம் விழுவதற்கு இது ஒரு காரணம். மேல் டென்ஷனைக் கொஞ்சம் தளர்த்து. சரியாக இருக்கிறதா என்று பின்பக்கம் பார்த்தால் தெரியும்: பட்டையாக வரும் தையலின் நடுவில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளை பாபின் நூல் தெரிய வேண்டும், இரண்டு ஓரத்திலும் மேல்நூல் தெரிய வேண்டும். பாபினுக்கு அதற்கென்று விற்கிற மெல்லிய நூலையே போடு. எந்த நம்பர் என்று உன் மெஷினோடு வந்த கையேட்டில் இருக்கும்.

லேபிள் இல்லாத கண்டு கைக்கு வந்து, எது என்னவென்று தெரியவில்லையா? ஒரு விரல் நீளம் வெட்டி, இடுக்கியில் பிடித்து, சிங்க்குக்கு மேலே வைத்துக் கொளுத்து. ரேயான் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும்.

இனி என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த இரண்டாம் வருஷம். சந்தன நிறச் சில்க் காட்டன் பிளவுஸ், கையில் அரக்குச் சிவப்பில் மாங்காய் வரிசை. நூல் எடை போட்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று லேபிள் இல்லாத சிவப்புக் கண்டு வாங்கியிருந்தேன். பத்து நாள் கழித்து அதைத் தைக்கக் கொடுத்த அம்மா வந்தார். சத்தம் போடவில்லை. பையிலிருந்து பிளவுஸை எடுத்து மேசையில் விரித்தார். ஒவ்வொரு மாங்காயைச் சுற்றியும் இளஞ்சிவப்பாக நீர்க்கோடு. மகளின் வளைகாப்புக்கென்று தைத்தது. வேறு துணி வாங்கித் தைத்துக் கொடுத்தேன், ஆனால் வளைகாப்பு முடிந்துபோயிருந்தது. அந்தக் கோடு இன்றும் என் கண்ணில் இருக்கிறது.

அன்றிலிருந்து சிவப்பு, அரக்கு, கருநீலம், கறுப்பு இந்த நான்கில் எந்தப் புதுக் கண்டு வந்தாலும் நனைத்துப் பார்க்காமல் மெஷினில் ஏற்றுவதில்லை. ஒரு முழம் நூலை வெள்ளை மல்துணித் துண்டில் சுற்றி, சோப்புத்தூள் கரைத்த சுடுதண்ணீர் டம்ளரில் அரை மணி நேரம் போட்டுவை. எடுத்து அலசாமல் அப்படியே காய விடு. துணியில் நிறம் ஏறியிருந்தால் அந்தக் கண்டை மாதிரித் தையலுக்கு மட்டும் வைத்துக்கொள்.

நிறம் பொருத்துவதை நான் மதுரைப் புதுமண்டபத்தில் கற்றேன். தூண்களுக்கு நடுவே தையற்காரர்கள் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்த காலம் அது. அங்கே ஒரு பெரியவர் மண்டபத்துக்குள் நிறமே பார்க்க மாட்டார். துணியையும் கண்டையும் எடுத்துக்கொண்டு தெருவுக்கு வருவார். ட்யூப்லைட்டில் ஒன்றாகத் தெரியும் இரண்டு பச்சை வெயிலில் பிரிந்துவிடும் என்பார். கண்டைத் துணிமேல் வைத்துப் பார்க்கவும் விடமாட்டார். நூல் கண்டில் கூட்டமாக இருக்கும்போது கறுத்துத் தெரியும், தைத்தால் வெளுக்கும். அதனால் ஒரு முழம் பிரித்து, துணிமேல் தனி இழையாகப் போட்டுத்தான் பார்ப்பார். மயில்கழுத்து நிறப் பட்டு வந்தால் மட்டும் நானும் இன்றுவரை திணறுகிறேன். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், துணி அசைந்தால் மாறும். அதற்கு ஓரத்துணியில் ஒரு இலை தைத்துப் பார்ப்பதைத் தவிர வழி இல்லை. ஒரே நூலைக் கிடையாகத் தைத்தால் ஒரு சாயல், நெடுகத் தைத்தால் இன்னொரு சாயல் என்பதும் அப்போதுதான் உனக்குப் புரியும்.

ஜரிகையை முதல் ஆறு மாதம் தொடாதே என்று சொல்லியிருப்பேன், ஆனால் பிளவுஸ் வேலையில் அது நடக்காது. மெஷினுக்கு வரும் ஜரிகை வெள்ளிக் கம்பி சுற்றிய அசல் ஜரிகை அல்ல. பெரும்பாலும் உலோகப் பூச்சு போட்ட மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை ஒரு நூல்மேல் சுற்றியது. முறுக்கு விழுந்தால் படலம் உரிந்துகொண்டு வரும். கண் பெரிதான 90/14 ஊசி போடு, வேகத்தை நிமிடத்துக்கு 400 தையலுக்கு இறக்கு, டென்ஷனைத் தளர்த்து. நாடா மாதிரித் தட்டையாக இருக்கும் ஜரிகை என்றால் கண்டு நின்றபடி சுழன்று பக்கவாட்டில் நூல் விட வேண்டும்; தலைவழியாக உருவினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு ஏறும்.

“நல்ல நூல் விலை கூடுதல் அக்கா” என்று எழுதியிருக்கிறாய். கணக்குப் போடு. ஆயிரம் தையலுக்குச் சுமார் ஐந்து மீட்டர் மேல்நூல் போகும். 20,000 தையல் கை டிசைனுக்கு 100 மீட்டர். ஆயிரம் மீட்டர் கண்டு ஒன்றில் இப்படிப் பத்துக் கை வரும், அதாவது ஐந்து பிளவுஸ். கண்டின் விலையை ஐந்தால் வகுத்து, நீ வாங்கும் கூலியின் பக்கத்தில் எழுதிப் பார். நூறு நிறம் உள்ள பெட்டியை ஒரே மூச்சில் வாங்க வேண்டாம். நம் ஊர்ப் புடவை நிறத்தில் ஓடுவது அரக்கு, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், வாடாமல்லி, கருநீலம், தங்க நிறத்தில் இரண்டு சாயல், வெள்ளை, கறுப்பு, ரோஜாவில் இரண்டு. இவற்றைத் தரமாக வாங்கு. மற்றதை ஆர்டர் வரும்போது வாங்கிக்கொள்ளலாம். வாங்கியதை ஜன்னல் ஓரம் அடுக்காதே, ரேயான் வெயிலில் நைந்துபோகும். மூடியுள்ள டப்பாவில் போட்டு, வாங்கிய மாதத்தை மேலே எழுதி வை.

இந்த ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் இருக்கும் சிவப்புக் கண்டுகள் அத்தனையையும் எடுத்து, ஒன்றுக்கு ஒரு டம்ளர் என்று சுடுதண்ணீரில் நனைத்துப் பார். காய்ந்த மல்துணித் துண்டுகளைக் கடிதத்தில் வைத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் அக்கா
மதுரை