திரிங்காப் ஆபீஸ் வேலைக்கு இனி என்ன தெரிந்திருக்க வேண்டும்?

மலேசியாவின் கேமரன் மலையில், பிரிஞ்சாங்கைத் தாண்டி கம்போங் ராஜா போகும் பாதையில் இருக்கிறது திரிங்காப். கேமரன் மலைக்குத் தேயிலையால் புகழ் வந்தாலும், இந்த ஊரின் பிழைப்பு பெரும்பாலும் காய்கறிதான். முட்டைக்கோஸும் தக்காளியும் கீரையும் இங்கே லோரி ஏறி கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போகின்றன. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள்: 1929இல் தொடங்கிய போ, 1933இல் தொடங்கிய பாரத், கம்போங் ராஜாப் பக்கம் ப்ளூ வேலி. இந்தத் தோட்ட ஆபீஸ்களில் செக்ரோல் எழுதி, கொழுந்து எடை பதிந்து, சம்பளம் போட்ட கிராணிமாரில், அதாவது எழுத்தர்களில், தமிழர்கள் நிறையப் பேர். அந்த நாற்காலியில் இன்று உட்காரும் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். காய்கறி மொத்த வியாபாரம், பூந்தோட்டம், தங்கும் விடுதி, தேயிலை ஆபீஸ் என்று எங்கே வேலை பார்த்தாலும் இது பொருந்தும்.

சிறிய ஆபீஸில் கணினிப் பிரிவு என்று தனியாக ஒன்று கிடையாது. கணக்கு எழுதுகிறவர்தான் பிரிண்டரைச் சரிசெய்கிறார். கடவுச்சொற்களும் அவர் கையில்தான். வங்கிப் பணப் பரிமாற்றமும் அவர்தான். அதாவது அந்த நிறுவனத்தின் இணையப் பாதுகாப்பு அதிகாரி அவரே. பதவிப் பெயரும் இல்லை, அதற்கான சம்பளமும் இல்லை. முதலில் வேலையை முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு பெயரையும் சம்பளத்தையும் தயங்காமல் கேளுங்கள்.

கற்றுக்கொள்ள அவசரம் என்ன என்றால், சட்டமே வேகமாக மாறிவிட்டது. உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் இ-இன்வாய்ஸ் முறை 2024 ஆகஸ்ட் 1இல் 100 மில்லியன் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் விற்பனை உள்ள பெரிய நிறுவனங்களோடு தொடங்கியது. படிப்படியாக இறங்கி, 2026 ஜனவரியில் ஒரு மில்லியனிலிருந்து ஐந்து மில்லியன் வெள்ளி வரை விற்கும் நிறுவனங்களுக்கும் வந்துவிட்டது. தினமும் லோரி அனுப்பும் காய்கறி வியாபாரத்துக்கு ஒரு மில்லியன் பெரிய தொகை அல்ல. வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்தில் ஏற்றிச் சரிபார்க்கப்பட்ட விலைப்பட்டியலில் தவறு இருந்தால், 72 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். அதற்குப் பிறகு கடன் குறிப்பு, பற்றுக் குறிப்பு என்று சுற்றி வர வேண்டும். பட்டியலைக் கணினியில் ஏற்றத் தெரிந்தவர் ஒருவர் கட்டாயம் ஆபீஸில் வேண்டும் என்ற நிலை வந்தாயிற்று. அந்த ஒருவராக நீங்கள் இருங்கள்.

நகல் எடுத்தால் போதாது

வரிக் கணக்குகளை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது மலேசியச் சட்டம். அந்த ஏழு ஆண்டுக் கணக்கும் ஒரே மடிக்கணினியில் இருக்கும் ஆபீஸ்கள் இந்த மலையில் உண்டு. மண்சரிவும் வெள்ளமும் இங்கே புதியவை அல்ல. 2013 அக்டோபரில் சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகள் அழிந்தன, உயிர்கள் போயின. ஆகவே, இருக்கும் இடத்திலிருந்து தொலைவில் இன்னொரு நகல் இருப்பது நமக்கு ஆடம்பரமே அல்ல. மேகக் கணிமையின் முதல் பயன் இதுதான்: கூகுள் டிரைவோ, ஒன்டிரைவோ, கணக்கு மென்பொருள் நிறுவனத்தின் சர்வரோ, ஏதோ ஒன்றில் உங்கள் கோப்பு மலைக்கு வெளியே இருக்கும்.

அதோடு நிம்மதி அடைந்துவிடக் கூடாது. ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதியில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்கள். 2024 மே மாதம் அதன் கூகுள் கிளவுட் தளம் ஒன்று அழிந்துபோனது. ஆரம்பத்தில் அமைப்புகளைச் செய்தபோது ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டதே காரணம். இரண்டு வெவ்வேறு இடங்களில் வைத்திருந்தும் இரண்டும் சேர்ந்து போயின. மீண்டு வரக் கைகொடுத்தது, அவர்கள் தனியாக வைத்திருந்த நகல். தென்கொரியாவில் நடந்தது இதற்கு நேர்மாறு. 2025 செப்டம்பரில் டேஜான் நகரின் அரசுத் தரவு மையத்தில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேர்த்து வைத்த 858 டெராபைட் சேமிப்பகம் எரிந்தது. வெளியே நகல் இல்லாததால் அது திரும்பவில்லை. பெரிய அரசு, பெரிய நிறுவனம் என்பதெல்லாம் காப்பாற்றவில்லை. தனியாக வைத்த இன்னொரு நகல்தான் காப்பாற்றியது.

திரிங்காப் ஆபீஸுக்கு நான் சொல்வது: மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில். கணினியில் ஒன்று, மேகத்தில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று. வன்தட்டை நகல் எடுத்தவுடன் கழற்றி, வேறு வீட்டில் வையுங்கள். செருகியே வைத்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் பணயத் தீநிரல் புகும்போது அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வேறொரு கணினியில் அந்த நகலிலிருந்து ஒரு பழைய மாதச் சம்பளக் கோப்பைத் திறந்து பாருங்கள். இந்தக் கட்டுரை சொல்வதில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். திறந்து பார்க்காத நகலை நான் நகலாகவே எண்ணுவதில்லை.

சாவி யாரிடம்?

மேகச் சேவை தரும் நிறுவனம் தன் இயந்திரங்களையும் கட்டடத்தையும் காக்கும். உங்கள் கணக்கின் கடவுச்சொல்லை அது காக்காது. யாருக்கு எந்தக் கோப்பைத் திறந்துவிட்டீர்கள் என்றும் கேட்காது. ‘இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று ஒரு சொடுக்கில் திறந்துவிட்ட சம்பளப் பட்டியல், வாட்ஸ்அப்பில் கைமாறி எங்கே வேண்டுமானாலும் போகும். இன்றே டிரைவைத் திறந்து, எந்தெந்தக் கோப்பு அப்படிக் கிடக்கிறது என்று பார்த்து மூடுங்கள்.

முதலாளி, அவர் மகன், கிராணி, லோரி ஓட்டுநர் எல்லாரும் ஒரே பெயரில், ஒரே கடவுச்சொல்லில் நுழையும் பழக்கம் நிற்க வேண்டும். ஆளுக்கொரு கணக்கு, அவரவர் வேலைக்குத் தேவையான அளவே அனுமதி. வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கை அவர் போகும் அன்றே மூடுங்கள். இது அவரை நம்பவில்லை என்று ஆகாது. பின்னாளில் ஏதாவது தவறினால் அவர்மேல் பழி விழாமல் காப்பதும் இதுதான்.

கடவுச்சொல்லை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் பழைய விதியை அமெரிக்கத் தரநிலைக் கழகம் 2017லேயே கைவிட்டது. அடிக்கடி மாற்றச் சொன்னால் மக்கள் கடைசி எண்ணை மட்டும் மாற்றுகிறார்கள். நீளமான, வேறெங்கும் பயன்படுத்தாத சொல் ஒன்று போதும். கூடவே இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள். அதைக் குறுஞ்செய்தியில் வாங்குவதைவிடக் கைப்பேசிச் செயலியில் வாங்குவது நல்லது. மலேசிய வங்கிகளையும் குறுஞ்செய்தி ஓடிபியிலிருந்து விலகும்படி பேங்க் நெகாரா 2022இல் பணித்தது.

திருமண அழைப்பிதழ் என்றோ வீடு சுத்தம் செய்யும் சேவை என்றோ வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பைத் தொடவே கூடாது. அது கைப்பேசிக்குள் புகுந்து வங்கிக் குறுஞ்செய்திகளைப் படிக்கும்.

காய்கறி வியாபாரத்துக்கு இதைவிடப் பெரிய ஆபத்து, எந்த நிரலும் இல்லாமல் வரும் ஒரு மின்னஞ்சல்: ‘எங்கள் வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது, இனி இதில் செலுத்துங்கள்.’ உரம் தருபவர் பெயரில் வரும்; முத்திரை, கையொப்பம் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். பெரும்பாலும் அவருடைய மின்னஞ்சலுக்குள் யாரோ புகுந்து, பேரத்தை வாரக்கணக்கில் படித்துவிட்டுத்தான் அனுப்பியிருப்பார்கள். விதி ஒன்றே: கணக்கு எண் மாறினால், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் தொலைபேசி எண்ணில் கூப்பிட்டு, குரல் கேட்டு உறுதி செய்யாமல் ஒரு வெள்ளிகூடப் போகக் கூடாது. மின்னஞ்சலில் இருக்கும் எண்ணைக் கூப்பிட்டால் எடுப்பவனும் திருடனாகவே இருப்பான். முதலாளி “சீக்கிரம் போடு” என்று அவசரப்படுத்தினாலும் இந்த விதி தளரக் கூடாது என்று அவரிடமே முன்கூட்டிப் பேசி வையுங்கள். பணம் போய்விட்டால் உடனே வங்கியையும் 997ஐயும் கூப்பிட வேண்டும். அந்த எண் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தினுடையது. மணிக்கணக்கு தாமதித்தால் பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிவிடும்.

தொழிலாளியின் பாஸ்போர்ட்டும் கைரேகையும்

இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். மலையின் தோட்டங்களில் இன்று வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா என்று பல நாட்டுத் தொழிலாளர்கள். அவர்களின் பாஸ்போர்ட் படம், பெர்மிட், மருத்துவச் சான்று எல்லாம் யாருடைய கைப்பேசியிலோ கிடக்கின்றன. ஏஜென்ட்டுக்கு வாட்ஸ்அப்பில் போகின்றன. காலையில் விரல் வைத்து வருகை பதியும் இயந்திரமும் பல இடங்களில் வந்துவிட்டது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 ஆண்டுக்கணக்கில் தூசு படிந்து கிடந்தது. 2024இல் செய்த திருத்தம் அதற்குப் பல் வைத்திருக்கிறது. உடற்கூறு அடையாளங்கள் நுட்பமான தரவாகிவிட்டன. அதிகபட்ச அபராதம் மூன்று லட்சம் வெள்ளியிலிருந்து ஒரு மில்லியனுக்கு ஏறியது. 2025 ஜூன் 1 முதல், கடுமையான தீங்கு விளைவிக்கக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும்.

சட்டம் இருக்கட்டும். வெளிநாட்டில் வந்து உழைக்கும் ஒருவனுக்குத் தன் பாஸ்போர்ட் நகல் யாரிடமோ சிக்கியது என்றால் போய் முறையிட இடமில்லை, மொழியில்லை. நம் பாட்டன்மாரும் அப்படித்தான் இந்தத் தோட்டங்களுக்கு வந்தார்கள். அந்தக் கோப்புகளைத் தனியாக ஒரு மேகக் கோப்புறையில் வைத்து, இரண்டு பேருக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் இருப்பதை அழியுங்கள். கைரேகை இயந்திரத்தின் தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

சம்பளக் கோப்பும் ஒரு மென்பொருள்தான்

மென்பொருள் உருவாக்கம் என்றதும் அது வேறு யாரோ செய்யும் வேலை என்று நினைக்காதீர்கள். எடையையும் நாளையும் பெருக்கி, சேமநிதியைப் பிடித்து, நிகரச் சம்பளம் காட்டும் எக்செல் கோப்பு ஒரு மென்பொருளே. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானபோது அதை மாற்றினீர்கள். 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் இரண்டு விழுக்காடு சேமநிதி வந்தபோது மறுபடி மாற்றினீர்கள். ஒரு கட்டத்தில் சூத்திரம் வழுக்கினால் நூறு பேர் கூலி தவறும்.

பெரிய நிரலாளர்கள் செய்வதை இங்கேயும் செய்யலாம். மூலக் கோப்பில் கைவைக்காமல் நகலில் மாற்றுங்கள். போன மாத எண்களை அதில் போட்டு, பழைய விடையோடு ஒப்பிடுங்கள். வேறுபாடு வர வேண்டிய இடத்தில் மட்டும் வந்திருக்கிறதா? இன்னொருவர் கண்ணால் பார்க்கட்டும். மாற்றிய தேதி, காரணம், மாற்றியவர் பெயரைக் கோப்பிலேயே ஒரு தாளில் எழுதுங்கள். சம்பளத்துக்கு முதல் நாள் எதையும் மாற்றாதீர்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு பிழையான புதுப்பிப்பை உலகம் முழுவதற்கும் ஒரே வீச்சில் அனுப்பியது. 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. ஏர்ஏசியா பயணிகள் கோலாலம்பூரில் நீண்ட வரிசையில் நின்றார்கள். முதலில் சிலவற்றுக்கு அனுப்பிப் பார்த்திருந்தால் அது ஊர்ச் செய்தியோடு முடிந்திருக்கும்.

இந்தப் பழக்கம் கைவந்தவர் கிட், பைதான், தரவுத்தளம் என்று அடுத்த படி ஏறுவது எளிது. அமேசான் வெப் சர்வீசஸ் 2024 ஆகஸ்டில் மலேசியாவில் தன் மையத்தைத் திறந்தது, மைக்ரோசாஃப்ட்டும் பின்தொடர்ந்தது. ஜொகூரில் தரவு மையங்கள் வரிசையாக எழுகின்றன. அவற்றுக்கு நிரலாளர் மட்டுமல்ல, எரிசக்தி ஆணையத்தின் சார்ஜ்மேன் சான்று பெற்ற மின் பணியாளரும் குளிரூட்டித் தொழில்நுட்பரும் வேண்டும். தோட்டத் தொழிற்சாலையில் மின் வேலை பார்க்கும் தம்பிகள் இதைக் கவனிக்க வேண்டும். மேகத் தொடக்கநிலைச் சான்றுத் தேர்வுகள் வீட்டிலிருந்தே எழுதக்கூடியவை. அமேசானுடையதற்குக் கட்டணம் 100 அமெரிக்க டாலர். மனிதவள மேம்பாட்டுக் கழகத்தின் இ-லாத்திஹ் தளத்தில் இலவசப் பாடங்கள் இருக்கின்றன. ஆனால் சான்றிதழ்களை மட்டும் அடுக்கிக்கொண்டு நேர்முகத்துக்குப் போகிறவரைவிட, “எங்கள் ஆபீஸின் ஏழாண்டுக் கணக்கை நான் மேகத்துக்கு மாற்றினேன், இப்படித்தான் சோதித்தேன்” என்று சொல்கிறவருக்கே நான் வேலை கொடுப்பேன்.

மலையை விட்டு இறங்கித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஜோஹோ நிறுவனம் தென்காசிக்குப் பக்கத்து மத்தளம்பாறைக் கிராமத்தில் அலுவலகம் போட்டு, உலகம் வாங்கும் மென்பொருளை அங்கிருந்து செய்கிறது. கல்லூரிக்குப் போகாத பிள்ளைகளை எடுத்து உதவித்தொகை கொடுத்துப் பழக்கும் பள்ளியையும் நடத்துகிறது. கேமரன் மலையில் அப்படி ஒரு நிறுவனம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. திரிங்காப்பிலிருந்து கம்போங் ராஜா வரை உள்ள சிறு வியாபாரங்கள் ஐந்தாறுக்கு இ-இன்வாய்ஸ், நகல், கணக்குப் பாதுகாப்பு மூன்றையும் மாதக் கட்டணத்துக்குப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் போதும். அதை ஒரு தொழிலாகவே நடத்தலாம்.

இந்த மாதச் சம்பளம் போட்டு முடிந்ததும் முதலாளியிடம் அரை நாள் கேட்டு வாங்குங்கள். நகலைத் திறந்து பாருங்கள், பழைய கணக்குகளை மூடுங்கள், 997ஐச் சுவரில் ஒட்டுங்கள். செய்ததை ஒரு தாளில் எழுதி அவர் மேசையில் வையுங்கள். சம்பள உயர்வு கேட்கப் போகும் நாளில் அந்தத் தாள் உங்களுக்கு வேண்டும்.